அப்துல்லா குயிலியம்

அப்துல்லா குயிலியம் (ஏப்ரல் 10, 1856 - ஏப்ரல் 23, 1932) இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த வழக்கறிஞரும், இதழாசிரியரும், இஸ்லாமியச் சமயப் பணியாளரும் ஆவார். இவரது இயற்பெயர் வில்லியம் ஹென்றி குயிலியம் என்பதாகும். 1887 ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவிய இவர், அதே ஆண்டில் லிவர்பூல் முஸ்லிம் கழகத்தைத் தொடங்கினார். இக்கழகம் 1889 ஆம் ஆண்டில் புரூம் டெரஸ் என்னும் இடத்தில் அமைத்த பள்ளிவாசல், இங்கிலாந்தில் ஒழுங்காகச் செயற்பட்ட முதலாவது பள்ளிவாசலாகக் கருதப்படுகிறது.

முஸ்லிம்கள் மிகச் சிலரே வாழ்ந்த ஒரு மேலை நாட்டில் தொழுகை, கல்வி, திருமணம், நல்லடக்கம் ஆகியவற்றை எவ்வாறு நடத்துவது, பிறந்த நாட்டின் மீதான பற்றையும் சமயப் பற்றையும் எவ்வாறு ஒருங்கே பேணுவது என்னும் வினாக்களை நடைமுறையில் எதிர்கொண்ட முன்னோடிகளுள் இவர் ஒருவர். சிக்கல்கள் நிறைந்த இவரது வாழ்வு அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளது.

இளமைக் காலம்

குயிலியம் லிவர்பூல் நகரில் பிறந்தார். இவரது தந்தையார் ராபர்ட் குயிலியம் கடிகாரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். தாயார் பெயர் ஹாரியட். இவர்களது குடும்பம் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையில் உள்ள மான் தீவைப் பூர்வீகமாகக் கொண்டது. குயிலியம் தமது இளமைக் காலத்தின் ஒரு பகுதியை அத்தீவிலேயே கழித்தார். பிற்காலத்திலும் மான் தீவின் வரலாறு, மொழி, மரபுகள் ஆகியவற்றில் இவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது.

குடும்பத்தினர் வெசுலியன் மெதடிஸ்ட் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இப்பிரிவினர் மது ஒழிப்பில் தீவிரமாக இருந்தனர். குயிலியம் சிறுவனாக இருந்தபோதே மது அருந்துவதில்லை என்ற உறுதிமொழியை ஏற்றுக்கொண்டார். துறைமுக நகரான லிவர்பூலில் வறுமையும் குடிப்பழக்கமும் பரவலாகக் காணப்பட்டன. மது ஒழிப்பு இயக்கத்தில் இவர் பெற்ற பயிற்சி, மேடைப் பேச்சு, துண்டு வெளியீடு, அறப்பணி ஆகியவற்றை இணைத்துச் செயற்படும் முறையை இவருக்குக் கற்றுக் கொடுத்தது. இம்முறையையே பின்னர் இஸ்லாமியப் பணியிலும் இவர் கையாண்டார்.

வழக்கறிஞர் தொழில்

1878 ஆம் ஆண்டில் குயிலியம் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். லிவர்பூலில் இவரது தொழில் விரைவில் வளர்ச்சி அடைந்தது. குற்றவியல் வழக்குகளில் வாதிடுவதில் இவர் பெயர் பெற்றிருந்தார். ஏழை மக்களுக்காக வாதாடுபவர் என்ற நற்பெயரும் இவருக்கு உண்டு. மரண தண்டனையை எதிர்த்த இவர், தொழிற்சங்க இயக்கத்திலும் பங்கு கொண்டு, துறைமுகத்தில் சரக்கு வண்டி ஓட்டும் தொழிலாளர்களின் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். நிலவியல், மொழியியல் போன்ற துறைகளிலும் ஆர்வம் கொண்டிருந்தார். 1879 ஆம் ஆண்டில் ஹன்னா ஜான்ஸ்டன் என்பவரை மணந்தார்.

இஸ்லாத்தைத் தழுவுதல்

1880களின் முற்பகுதியில் உடல்நலம் குன்றிய குயிலியம், ஓய்வுக்காகத் தென் ஐரோப்பாவுக்கும் அங்கிருந்து மொரோக்கோவுக்கும் பயணம் செய்தார். கப்பலில் சென்ற மொரோக்கோ ஹஜ் பயணிகள், கடல் கொந்தளிப்பையும் பொருட்படுத்தாது ஒளூச் செய்து அமைதியாகத் தொழுத காட்சி தம் உள்ளத்தைக் கவர்ந்ததாக இவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அதன் பின்னர் குர்ஆன் மொழிபெயர்ப்பையும் இஸ்லாம் பற்றிய நூல்களையும் கற்றார்.

கடவுள் ஒருவரே என்னும் கொள்கை, மதுவிலக்கு, மனிதருள் இன வேறுபாடு பாராட்டாமை ஆகியவை இவரை இஸ்லாத்தின்பால் ஈர்த்த முதன்மையான காரணங்கள் எனக் கூறப்படுகிறது. 1887 ஆம் ஆண்டில் தமது சமய மாற்றத்தை வெளிப்படையாக அறிவித்து, அப்துல்லா என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டார். நன்கு அறியப்பட்ட ஒரு வழக்கறிஞர் இவ்வாறு செய்தது நகரில் பரபரப்பை ஏற்படுத்தியது. தொழிலுக்கு இழப்பு நேரக்கூடும் என்பதை அறிந்தே அவர் இம்முடிவை எடுத்தார். இவரது தாயாரும், பிள்ளைகளும் பின்னர் இஸ்லாத்தைத் தழுவினர்.

லிவர்பூல் முஸ்லிம் கழகம்

குயிலியம் முதலில் மது ஒழிப்புக் கூட்டங்களில் பேசும்போதே இஸ்லாத்தைப் பற்றியும் எடுத்துரைத்தார். இவ்வாறு அமைந்த ஒரு சொற்பொழிவைக் கேட்டவர்களுள் பிர்க்கன்ஹெட் நகரைச் சேர்ந்த எலிசபெத் கேட்ஸ் என்னும் இளம்பெண்ணும் ஒருவர். முகம்மது நபியைப் பற்றி அவர் கேட்ட வினாக்களுக்கு விடையளித்த குயிலியம், குர்ஆன் மொழிபெயர்ப்பு ஒன்றையும் படிக்கக் கொடுத்தார். குடும்பத்தினரின் கடும் எதிர்ப்பையும் மீறி இஸ்லாத்தை ஏற்ற அவர் பாத்திமா என்னும் பெயரைப் பெற்றார். கழகத்தின் முதல் பொருளாளரும் அவரே.

கழகத்தின் கூட்டங்கள் தொடக்கத்தில் மவுண்ட் வெர்னன் தெருவில் வாடகைக்கு எடுக்கப்பட்ட ஓர் இடத்தில் நடைபெற்றன. உறுப்பினர்கள் மிகச் சிலரே. அங்கு நடப்பது இஸ்லாமியப் பரப்புரை என அறிந்த கட்டட உரிமையாளர் தொடர்ந்து இடம் தர மறுத்துவிட்டார். அதனால் 1889 ஆம் ஆண்டில் மேற்கு டெர்பி சாலையை ஒட்டிய புரூம் டெரஸ் 8ஆம் எண் வீட்டுக்குக் கழகம் மாறியது. வெளித்தோற்றத்தில் அது மற்ற வீடுகளைப் போன்றே இருந்தது. வீட்டின் பின்பகுதியில் தொழுகைக்கான கூடம் அமைக்கப்பட்டது. அதே 1889 ஆம் ஆண்டில்தான் லண்டனுக்கு அண்மையில் உள்ள வோக்கிங் நகரில், பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட இங்கிலாந்தின் முதல் கட்டடமான ஷாஜகான் பள்ளிவாசல் அமைந்தது. எனினும், முறையான வழிபாட்டுடன் உள்ளூர் மக்களைக் கொண்ட ஒரு சமுதாயம் முதலில் உருவானது லிவர்பூலிலேயே ஆகும்.

காலப்போக்கில் அடுத்தடுத்த வீடுகளும் கழகத்துடன் இணைக்கப்பட்டன. நூலகம், அருங்காட்சியகம், அச்சகம், சிறுவர்களுக்கான விடுதியுடன் கூடிய பள்ளி, சிறுமியர் பள்ளி, பெரியவர்களுக்கான மாலை நேர வகுப்புகள் ஆகியவை அங்கு இயங்கின. பிற்காலத்தில் இந்திய விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, 1915 ஆம் ஆண்டில் காபூலில் அமைக்கப்பட்ட இந்திய இடைக்கால அரசின் பிரதமராக விளங்கிய போபாலைச் சேர்ந்த மௌலவி பரக்கத்துல்லா, 1890களில் இக்கழகத்தில் பணியாற்றினார்.

இருபது ஆண்டுகளில் சில நூறு பேர் கழகத்தின் வழியாக இஸ்லாத்தைத் தழுவினர். தொழிலாளர், வணிகர், ஆசிரியர் எனப் பல தரப்பினரும், கணிசமான எண்ணிக்கையில் பெண்களும் இவர்களுள் அடங்குவர். ஸ்டேலிபிரிட்ஜ் நகரின் முன்னாள் மேயரான ராபர்ட் ஸ்டான்லி 1898 ஆம் ஆண்டில், எழுபது வயதை நெருங்கிய நிலையில், இஸ்லாத்தை ஏற்று ரஷீத் என்னும் பெயரைப் பெற்றார்.

வழிபாடும் சமுதாய வாழ்வும்

புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்களுக்கு அரபு மொழி தெரியாது. வெள்ளிக்கிழமை வேலை நாள் என்பதால் தொழிலாளர் பலர் ஜும்ஆத் தொழுகைக்கு வர இயலவில்லை. இந்நிலையில் குயிலியம் இருவகையான கூட்டங்களை ஏற்படுத்தினார். ஐவேளைத் தொழுகையும் வெள்ளிக்கிழமைத் தொழுகையும் வழமையான இஸ்லாமிய முறைப்படியே நடைபெற்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அனைவரும் கலந்துகொள்ளத்தக்க பொதுக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டன. அவற்றில் சொற்பொழிவுகளுடன், இஸ்லாமியக் கொள்கைக்குப் பொருந்துமாறு திருத்தப்பட்ட கிறித்தவப் பாடல்களும் பாடப்பட்டன. தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு இவ்வடிவம் பழக்கமானதாக இருந்தது.

இம்முறை குறைகூறலுக்கும் உள்ளானது. இங்கிலாந்தில் வாழ்ந்த இந்திய முஸ்லிம்கள் சிலர், இது கிறித்தவ வழிபாட்டின் சாயலைக் கொண்டுள்ளதாகக் கருதினர். தொழுகையின் வடிவத்தைத் தாம் மாற்றவில்லை என்பதும், ஞாயிறு கூட்டங்கள் இஸ்லாத்தை அறிய விரும்புவோருக்கான வாயில் மட்டுமே என்பதும் குயிலியம் தரப்பின் நிலைப்பாடாக இருந்தது. ஒரு சமயம் புதிய மண்ணில் வேரூன்றும்போது எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றலாகாது என்னும் விவாதத்துக்கு இது ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

புரூம் டெரஸ் கட்டடம் 1889 ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்டது. அன்று நகரின் ஏழைச் சிறுவர்களுக்குக் காலை உணவு வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளில் ஏழைகளுக்கு உணவளிப்பது கழகத்தின் வழக்கமாயிற்று. இரு பெருநாள்களும் நபிகளாரின் பிறந்தநாளும் கொண்டாடப்பட்டன.

1890களின் பிற்பகுதியில் மதீனா இல்லம் என்னும் குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. பெற்றோரால் வளர்க்க இயலாத குழந்தைகள், குறிப்பாகத் திருமணம் ஆகாத தாய்மாருக்குப் பிறந்து சமூகத்தால் ஒதுக்கப்பட்ட குழந்தைகள், இங்கு ஏற்கப்பட்டு முஸ்லிம்களாக வளர்க்கப்பட்டனர்.

லிவர்பூல் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இந்தியா உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்த முஸ்லிம் மாலுமிகள் பலர் பணியாற்றினர். லாஸ்கர்கள் என அழைக்கப்பட்ட இவர்களுக்குப் புரூம் டெரஸ் பள்ளிவாசல் ஒரு புகலிடமாக விளங்கியது. உறவினர் எவரும் இல்லாத நகரில் இறந்துபோகும் மாலுமிகளுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி, இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யும் பொறுப்பைக் குயிலியம் ஏற்றுக்கொண்டார். திருமணங்களும் அங்கு நடத்தப்பட்டன. எனினும் இஸ்லாமிய முறையில் நிகழும் நிக்காஹ் மட்டுமே ஆங்கிலச் சட்டத்தின்படி போதுமானதாக இருக்கவில்லை.

எதிர்ப்புகள்

கழகம் தொடக்கம் முதலே எதிர்ப்புகளைச் சந்தித்தது. பள்ளிவாசலின் மேல்மாடத்திலிருந்து பாங்கு சொல்லப்பட்டபோது தெருவில் கூடியவர்கள் கல்லும் சேறும் எறிந்தனர். பட்டாசுகளைக் கொளுத்தி வீசிய நிகழ்வுகளும் உண்டு. கூட்டங்களுக்குச் சென்ற பாத்திமா கேட்ஸ் கல்லெறிக்கு உள்ளானதுடன், அவரது முகத்தில் குதிரைச் சாணமும் பூசப்பட்டது. இருப்பினும் அவர் தமது பணியைக் கைவிடவில்லை. 1900 ஆம் ஆண்டில் இளம் வயதிலேயே அவர் மறைந்தார்.

இதழ்களும் நூல்களும்

குயிலியம் எழுதிய இஸ்லாமிய சமயம் பற்றிய அறிமுக நூல் 1889 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2000 படிகள் கொண்ட முதற்பதிப்பு விரைவில் விற்றுத் தீர்ந்ததால் மறுபதிப்பு வெளியிடப்பட்டது. இந்நூல் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது. விக்டோரியா அரசியார் இந்நூலின் படிகளை வரவழைத்துப் பெற்றதாகக் குயிலியம் குறிப்பிட்டுள்ளார்.

1893 ஆம் ஆண்டில் 'பிறை' எனப் பொருள்படும் தி கிரசென்ட் என்னும் வார இதழையும், தி இஸ்லாமிக் வேர்ல்டு என்னும் மாத இதழையும் தொடங்கினார். 1908 ஆம் ஆண்டு வரை வெளிவந்த இவ்விதழ்கள் கழகத்தின் அச்சகத்திலேயே அச்சிடப்பட்டு, இந்தியா, மேற்கு ஆப்பிரிக்கா, உதுமானியப் பேரரசு எனப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. லிவர்பூலின் சிறு சமுதாயம் முஸ்லிம் உலகெங்கும் அறியப்பட்டதற்கு இவ்விதழ்களே முதன்மையான காரணம் ஆகும். கழகத்தின் அன்றாட நிகழ்வுகள் இவற்றில் பதிவாகியிருப்பதால், விக்டோரியா காலத்து முஸ்லிம்களைப் பற்றி ஆராய்வோருக்கு இவை சிறந்த சான்றுகளாக விளங்குகின்றன.

உலகத் தொடர்புகள்

உதுமானியப் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அழைப்பை ஏற்று, குயிலியம் 1891 ஆம் ஆண்டில் தம் மூத்த மகனுடன் இஸ்தான்புல் சென்றார். 1894 ஆம் ஆண்டில் இவருக்குப் பிரித்தானியத் தீவுகளின் ஷைகுல் இஸ்லாம் என்னும் பட்டத்தைச் சுல்தான் வழங்கினார். பிரித்தானிய முஸ்லிம்களின் சமயத் தலைவர் என்னும் பொருள் கொண்ட இப்பட்டத்துக்கு ஆங்கிலச் சட்டத்தில் எவ்வித அதிகாரமும் இருக்கவில்லை. இருந்தபோதிலும் முஸ்லிம் நாடுகளில் இது இவருக்கு மிகுந்த மதிப்பைத் தேடித் தந்தது.

அதே ஆண்டில் நைஜீரியாவின் லேகோஸ் நகரில் செல்வந்தர் முகம்மது ஷித்தா கட்டிய பள்ளிவாசலின் திறப்பு விழாவில் சுல்தானின் சார்பாளராகக் குயிலியம் கலந்துகொண்டார். ஷித்தாவுக்குச் சுல்தான் அளித்த 'பே' என்னும் சிறப்புப் பட்டமும் அங்கு வழங்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டில் பிரித்தானியாவுக்கு வருகை தந்த ஆப்கானிஸ்தான் இளவரசர் நஸ்ருல்லா கான் கழகத்துக்கு 2500 பவுண்டுகளை நன்கொடையாக அளித்தார். கட்டடங்களை விரிவுபடுத்த இத்தொகை உதவியது.

நாட்டுப்பற்றும் சமயப்பற்றும்

குயிலியம் தம்மை ஆங்கிலேய அரசியாரின் உண்மையான குடிமகனாகவே கருதினார். அதே வேளையில் இஸ்தான்புல் சுல்தானை உலக முஸ்லிம்களின் கலீபாவாகவும் ஏற்றுக்கொண்டார். இரு அரசுகளும் நட்புடன் இருந்த வரையில் இதில் முரண்பாடு தோன்றவில்லை. 1890களின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது.

1896 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரித்தானியத் தலைமையிலான எகிப்தியப் படை சூடானின் டொங்கோலா பகுதியை நோக்கிச் சென்றது. அப்போது குயிலியம் ஒரு பத்வாவை வெளியிட்டார். முஸ்லிம் அல்லாத அரசு ஒன்றின் நலனுக்காக ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு எதிராக ஆயுதம் ஏந்துவது சமய நெறிக்கு மாறானது என்பது அதன் சாரம். பிரித்தானியப் படையில் முஸ்லிம் வீரர்கள் ஏராளமாகப் பணியாற்றிய காலத்தில் இது கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

இதே காலத்தில் உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர்கள் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டதால் பிரித்தானியாவில் சுல்தானுக்கு எதிரான உணர்வு மேலோங்கியது. முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் 1896 ஆம் ஆண்டு செப்டெம்பர் 24 அன்று லிவர்பூலிலேயே இக்கொலைகளைக் கண்டித்து உரையாற்றினார். குயிலியம் சுல்தானை விட்டுக்கொடாமல் வாதிட்டார். பிரித்தானிய அரசியல்வாதிகள் தமது பேரரசின் கொடுமைகளைக் காணத் தவறுகின்றனர் என்பது அவரது வாதத்தின் ஒரு பகுதி. அதே அளவுகோலை அவர் சுல்தானின் ஆட்சிக்குப் பயன்படுத்தவில்லை என்பது அவர் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுள் முக்கியமானது.

குடும்ப வாழ்வு

குயிலியம் ஹன்னாவுடன் வாழ்ந்த காலத்திலேயே மேரி லயன் என்னும் பெண்மணியுடனும் இல்லறம் நடத்தினார். இரு குடும்பங்களிலும் இவருக்குப் பிள்ளைகள் பிறந்தனர். பலதார மணத்தை இஸ்லாமியச் சட்டம் வரையறையுடன் அனுமதித்தாலும் ஆங்கிலச் சட்டம் அதனைக் குற்றமாகக் கருதியது. ஹன்னாவின் மறைவுக்குப் பின்னரே மேரியுடனான திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. சமயச் சட்டத்துக்கும் நாட்டுச் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளி இவரது சொந்த வாழ்விலும் இவ்வாறு வெளிப்பட்டது.

கழகத்தின் முடிவு

1908 ஆம் ஆண்டில் குயிலியம் திடீரென லிவர்பூலை விட்டு இஸ்தான்புல் சென்றார். மணமுறிவு வழக்கு ஒன்றில் தம் கட்சிக்காரருக்குச் சாதகமாகச் சான்றுகளை உருவாக்க ஏற்பாடு செய்தார் என்னும் குற்றச்சாட்டு இவர் மீது எழுந்திருந்தது. 1909 ஆம் ஆண்டில் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து இவரது பெயர் நீக்கப்பட்டது.

கழகத்தின் நிதி, நிருவாகம், சமயத் தலைமை, இதழ்கள் ஆகிய அனைத்தும் ஒருவரையே சார்ந்திருந்தன. எனவே அவர் சென்றதும் கழகமும் நின்றுபோயிற்று. இதழ்கள் வெளிவரவில்லை. கட்டடங்கள் கைமாறின. உறுப்பினர்கள் சிதறினர். புரூம் டெரஸ் கட்டடங்கள் பின்னர் நகராட்சியின் பதிவு அலுவலகமாகப் பல ஆண்டுகள் பயன்பட்டன. தொழுகை நடந்த கூடத்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் வைக்கப்பட்டன.

லியோன் என்னும் பெயரில்

சில காலத்தில் பிரித்தானியாவுக்குத் திரும்பிய குயிலியம், ஹென்றி மார்செல் லியோன் என்னும் புதிய பெயருடன் வாழத் தொடங்கினார். முஸ்லிம்களிடையே ஹாரூன் முஸ்தபா லியோன் என அழைக்கப்பட்டார். மான் தீவிலும் லண்டனிலும் வாழ்ந்த இவர், மொழியியல் ஆய்விலும் அறிவியல் கழகங்களிலும் ஈடுபட்டார்.

இதற்கிடையில் பிரித்தானிய முஸ்லிம்களின் மையம் வோக்கிங் நகருக்கு மாறியிருந்தது. நீண்ட காலம் பெரும்பாலும் பயன்பாடின்றி இருந்த அங்குள்ள பள்ளிவாசலுக்கு, லாகூரிலிருந்து வந்த குவாஜா கமாலுத்தீன் 1913 ஆம் ஆண்டில் புத்துயிர் அளித்தார். அதே ஆண்டில் ஹெட்லி பிரபு இஸ்லாத்தை ஏற்றார். குயிலியம் இவர்களுடன் இணைந்து பணியாற்றியதுடன், வோக்கிங்கிலிருந்து வெளிவந்த இதழில் லியோன் என்னும் பெயரில் கட்டுரைகள் எழுதினார். ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர், இப்போது தொண்டர்களுள் ஒருவராக இயக்கத்தில் தொடர்ந்தார்.

மறைவு

அப்துல்லா குயிலியம் 1932 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று லண்டனில் காலமானார். வோக்கிங் அருகில் உள்ள புரூக்வுட் இடுகாட்டில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மர்மடியூக் பிக்தால், அப்துல்லா யூசுப் அலி ஆகியோரும் இதே இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

மதிப்பீடு

குயிலியம் இறந்து பல்லாண்டுகள் வரை இவரது பெயர் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. 1990களில் லிவர்பூல் முஸ்லிம்கள் இவரது பெயரில் ஒரு சங்கத்தை அமைத்து, புரூம் டெரஸ் கட்டடத்தை மீட்கும் பணியில் இறங்கினர். சீரமைப்புக்குப் பின் 2014 ஆம் ஆண்டில் அங்கு மீண்டும் தொழுகை தொடங்கியது. இவரது வாழ்வைப் பற்றி ரான் கீவ்ஸ் எழுதிய விரிவான நூல் 2010 ஆம் ஆண்டில் வெளியானது. 2008 ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கப்பட்டு 2021 ஆம் ஆண்டில் மூடப்பட்ட, தீவிரவாத எதிர்ப்பு ஆய்வு அமைப்பு ஒன்றும் குயிலியம் என்னும் பெயரைக் கொண்டிருந்தது. பத்வாவினால் அரசின் கண்டனத்துக்கு ஆளான ஒருவரின் பெயரை, அரசுக்கு இணக்கமானதாகக் கருதப்பட்ட ஓர் அமைப்பு ஏற்றுக்கொண்டமை, இவரது வாழ்வு எத்தனை வகையாகப் பொருள் கொள்ளப்படுகிறது என்பதைக் காட்டுகிறது.

2021 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 39 இலட்சம் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். இது மொத்த மக்கள்தொகையில் 6.5 விழுக்காடு ஆகும். இவர்களுள் பெரும்பாலோரின் வரலாறு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய குடியேற்றத்துடன் தொடர்புடையது. குயிலியத்தின் கழகத்திலிருந்து நேரடியாகத் தொடர்ந்து வந்தது அன்று. ஆயினும் வேலை நாளில் ஜும்ஆத் தொழுகை, தாய்மொழியில் சமயக் கல்வி, நிக்காஹின் சட்டத் தகுதி, அடக்கத்துக்கான இடம், அயலுறவுப் போர்களின்போது எழும் விசுவாசம் பற்றிய ஐயம் ஆகியவை பிற்காலத் தலைமுறைகளும் எதிர்கொண்ட வினாக்களே. அவற்றுக்குக் குயிலியம் கண்ட விடைகளுள் சில நிலைத்தன, சில தோல்வியுற்றன. இஸ்லாம் வெளிநாட்டவருக்கு மட்டும் உரியதன்று, இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஒருவரும் முஸ்லிமாக வாழ இயலும் என்பதை நடைமுறையில் காட்டியது இவரது முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது.